கச்சான் காலத்துக் கால்கள்

ஜூன் 2, 2025, திங்கள்

நேற்று திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் எங்கள் கழகத்தின் உதைபந்தாட்டம். கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்க, பையன்கள் 90 நிமிடமும் ஓடினார்கள். இன்று பின்னேரம் ஆறு பேர் கால் உருவிவிடச் சொல்லி என் விறாந்தைக்கு வந்துவிட்டார்கள். படி ஏறவே முகம் சுளிக்கிறார்கள். இந்த நோ அப்படித்தான், ஆட்டம் முடிந்த கையோடு தெரியாது, அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் கூடும். தசை இழைகளில் விழுந்த நுண்ணிய கிழிசல்களும் அவற்றைச் சுற்றி வரும் அழற்சியும்தான் காரணம். "லக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, உருவி எடுங்கோ" என்று மைதானத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அது பிழை. ஓட்டம் நின்று ஒரு மணி நேரமளவில் அந்த அமிலம் தானாகவே குறைந்துவிடும்.

காலுக்குப் பத்து நிமிடம், கொஞ்சம் நல்லெண்ணெய். முதலில் உள்ளங்கை முழுதும் படிய, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நீள உருவுவேன். தசை இளகிக் கொடுத்த பிறகுதான் பிசைவேன். பல்லைக் கடிக்கும் அளவுக்கு அழுத்தத் தேவையில்லை. அவன் மூச்சைப் பிடித்தால் தசையும் இறுகிக்கொள்ளும்.

ஜூன் 4, புதன்

2020-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பை வாசித்தேன். 29 ஆய்வுகள், 1,012 பேர். மசாஜ் செய்ததால் வேகமோ, பாய்ச்சலோ, பலமோ கூடவில்லை. தசை நோ கொஞ்சம் குறைகிறது, வளைந்துகொடுக்கும் தன்மை கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். வாசித்து முடித்தபோது மனம் சோர்ந்துவிட்டது.

இன்று பயிற்சியைப் பார்த்ததும் சோர்வு போய்விட்டது. திங்களன்று வந்த ஆறு பேரும் நொண்டாமல் ஓடினார்கள். ஒரு தொடரின் நடுவில் அந்தக் "கொஞ்சம்" எனக்குப் பெரிது. பயிற்சியாளரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: உருவிவிட்டோம் என்பதற்காக ஆட்டத்துக்கு முந்திய பயிற்சிகளைக் குறைக்கக் கூடாது. ஃபிஃபா 11+ என்று 20 நிமிடப் பயிற்சித் தொகுப்பு இருக்கிறது. முழங்காலில் நின்று, பின்னால் ஒருவர் கணுக்காலைப் பிடிக்க, உடம்பை மெல்ல முன்னால் சரிக்கும் நோர்டிக் பயிற்சியும் அதில் உண்டு. பின்தொடைக் காயங்களை அது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. அந்த வேலையை என் கை செய்யாது.

ஜூன் 8, ஞாயிறு

கைக்கு வேறொரு வேலை இருக்கிறது. இடப்பக்கம் விளையாடும் தம்பியின் வலது பின்தொடையில் போன கிழமை ஒன்றும் இல்லை. இன்று நடுவில் கயிறு முறுக்கினாற்போல ஓர் இறுக்கம். "நோகுதோ?" என்றேன். "இல்லையே அண்ணை." மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் ஒவ்வொரு காலாக உயர்த்திப் பார்த்தேன். வலது கால் இடதைவிட நன்றாகக் கீழேயே நின்றுவிட்டது. விசாரித்தால், நாலு நாளாக விடியற்காலையில் டச்பே கடற்கரை மணலில் தனியாக வேக ஓட்டம் ஓடியிருக்கிறான்.

இந்தக் கிழமை முழுவேக ஓட்டம் வேண்டாம் என்று பயிற்சியாளரும் ஒத்துக்கொண்டார். ஒரு தசைக் கிழிவைத் தடுத்தேனா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் கிழமைக்கொரு தடவை அதே கை அதே காலைத் தொட்டால், அவனுக்குத் தெரியாத மாற்றமும் கைக்குத் தெரிகிறது. நான் இந்த வேலையைப் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

ஜூன் 14, சனி

பின்வரிசைத் தம்பிக்கு எதிராளியின் முழங்கால் தொடையில் பலமாக இடித்துவிட்டது. விழுந்த இடத்திலேயே நாலு பேர் சூழ்ந்து, "அண்ணை, எண்ணெய் போட்டு உருவி விடுங்கோவன்" என்றார்கள். மாட்டேன் என்றேன். துணியில் சுற்றிய ஐஸ், இழுபடும் பண்டேஜ், முழங்காலை நோ பொறுக்கும் அளவுக்கு மடித்து வைத்தல். இன்றைக்கு அவ்வளவுதான்.

ஜூன் 16, திங்கள்

அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா எண்ணெயைச் சூடாக்கி வைத்திருந்தார். நாளைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போய் ஊற்றலாம் என்றும் யோசனை. பக்கத்தில் இருந்து சொன்னேன்: "அன்ரி, உள்ளுக்குள்ள இரத்தம் கசிஞ்சு கிடக்கு. இப்ப சூடும் உருவலும் பட்டால் கசிவு கூடும். சில பேருக்கு அந்தச் சதைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மாதக்கணக்கில் காலை மடிக்க விடாது."

"என்ர அப்பா எல்லாருக்கும் உருவித்தானே சுகப்படுத்தினவர்" என்றார். என் அம்மப்பாவும் முறிவு நெரிவு பார்த்தவர்தான். யார் வந்தாலும் முதலில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். சூடு இருந்தால் பத்துப் போட்டுக் கட்டி அனுப்பிவிடுவார். உருவுவது சூடு தணிந்த பிறகுதான். இதைச் சொன்னதும் அன்ரி எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி அடுப்படியில் வைத்தார். கன்னியாவின் ஏழு கிணறும் எங்கேயும் போய்விடாது, பிறகு போகலாம் என்றேன்.

ஜூன் 25, புதன்

கழகத்தின் பழைய வீரர் ஒருவர், கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவர், கெண்டைக்கால் பிடித்திருக்கிறது என்று வந்தார். ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடு. கை வைக்காமல் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பின்னேரம் மகள் அழைத்தார்: நாளத்தில் இரத்தக் கட்டி, மருந்து தொடங்கிவிட்டார்கள். உருவியிருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து இருந்தது. இரவு நித்திரை வரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பின்வரிசைத் தம்பி வந்தான். சூடு இல்லை, கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. குதிக்கால் பிட்டத்தைத் தொடும் வரை முழங்காலை மடிக்கிறான். முதன்முறையாக அந்தத் தொடையில் எண்ணெய் வைத்தேன். அடிபட்ட இடத்தைச் சுற்றி, மெல்ல, எட்டு நிமிடம்.

"அடுத்த ஞாயிறு இறங்கலாமோ அண்ணை?"

"நாளைக்குச் சும்மா மெல்ல ஓடு. செவ்வாய்க்கிழமை வந்து காலைக் காட்டு."


சரி என்று தலையாட்டியவன், மற்றக் காலை உருவி முடிக்குமுன் வாங்கிலேயே நித்திரையாகிவிட்டான்.