பங்குனி முளைப்பாரி: இருட்டறை வேலை

மாசி-பங்குனித் திருவிழாவில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகும் முளைப்பாரியின், அதாவது மண் ஓட்டில் வளர்த்த பயறு முளைகளின் அழகு, வெயில் படாத அறையில்தான் உருவாகிறது.

தட்டாம்பயறு, பாசிப்பயறு, மொச்சையை முதல் நாள் இரவே ஊறவையுங்கள். ஓட்டுக்குள் அடியில் வைக்கோல், மேலே மண்ணும் பொடித்த காய்ந்த சாணமும். பயறைத் தூவி மெல்லிசாக எரு போட்டு மூட வேண்டும். தண்ணீரைத் தெளிக்கத்தான் வேண்டும், ஊற்றக் கூடாது. தேங்கினால் பயறு அழுகிவிடும். அழுகியதை அன்றே பொறுக்காவிட்டால் பக்கத்திலும் பரவும். கதவிடுக்கில் வெளிச்சம் வந்தால் முளை அந்தப் பக்கமே சாயும், பச்சையேறும். முழு இருட்டில்தான் அந்த வெளிர்மஞ்சள் கிடைக்கும்.

உயர்ந்ததும் வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் தண்டு ஒடியும்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் ஊர்வலத்தோடு திரும்பிவிடுகிறார்கள். பாரியைச் சுற்றிப் பெண்கள் கும்மி கொட்டும் இரவுகளையும் அவசியம் பாருங்கள்.