அரை மணி நேர டிவி நிகழ்ச்சிக்கு ஏழு நடை

டிசம்பர் 20, சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் மாவட்டத்து உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் அரை மணி நேரம் லினக்ஸ் ஓடியது. கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக யாரும் போட்டுக்கொள்ளக்கூடிய இயங்குதளம் அது. அந்த அரை மணிக்காகத் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஏழு நடை போய்வந்தேன். அதில் நாலு நடை முழுக்க வீண். இதே வேலையில் இன்னொருவர் இறங்கினால் அந்த நாலு நடையாவது அவருக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தக்கலையில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடையில் மூன்று கம்ப்யூட்டர். மூன்றிலும் லினக்ஸ் மின்ட் என்கிற லினக்ஸ் வகை, ஆபீஸ் வேலைக்கு லிப்ரெஆபீஸ். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றது. அதற்கப்புறம் கடைக்கு வருகிறவர்களில் பலர், "சிஸ்டம் பழசாயிட்டு, இனி ஓடாதாமே" என்று கேட்டார்கள். டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் போன்றவை இல்லாததால் விண்டோஸ் 11 ஏறாது, அவ்வளவுதான். மெஷினில் வேறு ஒரு குறையும் கிடையாது. நல்லா ஓடுகிற லேப்டாப் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டதாக ஒருவர் சொன்ன அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலேஜில் பட்டறை நடத்தினால் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். முந்திரி ஆலைக்குப் போய்வருகிற அம்மாவுக்கும், மகன் கல்ஃபில் இருக்க வீட்டில் பேரப்பிள்ளையின் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாத்தாவுக்கும் யார் சொல்வது? அவர்கள் உள்ளூர் சேனல் பார்க்கிறார்கள். கோவில் கொடை, சர்ச் திருவிழா, மரண அறிவிப்பு எல்லாம் அதில்தானே வருகிறது.

நவம்பர் தொடக்கத்தில் முதல் நடை. வரவேற்பில் இருந்தவரிடம், "இலவச மென்பொருள் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்யணும்" என்றேன்.

"இலவசமா? கவர்மெண்ட் ஸ்கீமா மேடம்? அப்ப கலெக்டர் ஆபீஸ்ல இருந்து லெட்டர் வேணும்."

கவர்மெண்ட் இல்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்றேன்.

"அப்ப கம்பெனியா? விளம்பர ரேட் கார்டு தாறேன்."

அரசும் இல்லாமல் கம்பெனியும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று பத்து நிமிடம் விளக்கினேன். எனக்குப் பின்னால் கல்யாண விளம்பரம் கொடுக்க வந்தவர் காத்து நின்றார். ரேட் கார்டோடு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் தப்பு எங்கே என்று பிடிபட்டது. 'இலவசம்' என்றால் நம் ஊரில் யாரோ வாங்கிக் கையில் கொடுப்பது. 'விலையில்லா' என்றால் 2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டம். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருளுக்காக ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தார். ஆங்கிலத்தில் சுதந்திரத்துக்கும் ஓசிக்கும் 'ஃப்ரீ' என்று ஒரே சொல் என்பதால் அவர் எந்த மேடையிலும் அதை விளக்க வேண்டியிருக்கிறது. தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகான சொல் இருக்கிறது. அது விலையைப் பேசவில்லை, கட்டைப் பேசுகிறது. அதை விட்டுவிட்டு 'இலவசம்' என்று போய் நின்றிருக்கிறேன். டிவிக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அந்தச் சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இரண்டாம் நடைக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். பயன்படுத்தலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்: நாலு உரிமையையும் நாலு வரியில் எழுதியிருந்தேன். அலுவலகத்தில் இருந்தவர் படித்துவிட்டு, "ஸ்கிரீன்ல காட்டப் போற சாப்ட்வேருக்கு அந்தக் கம்பெனியோட அனுமதிக் கடிதம் வேணும்" என்றார். இது வரும் என்று எதிர்பார்த்து உரிமங்களை அச்செடுத்து வைத்திருந்தேன். வீடியோ பார்க்கிற விஎல்சிக்கும் படம் திருத்துகிற கிம்ப்புக்கும் ஜிபிஎல், லிப்ரெஆபீஸுக்கு எம்பிஎல் 2.0. ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல கையெழுத்தும் சீலும் எங்க?"

நாளைக்கு யாராவது உரிமை கேட்டு நோட்டீஸ் விட்டால் பதில் சொல்ல வேண்டியது சேனல்தான். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உலகத்தில் எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிட்ட அனுமதிதான் இந்த உரிமம், ஆளாளுக்குத் தனித்தனியே கையெழுத்துப் போட மாட்டார்கள் என்று சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. கடிதத்தையும் வாங்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. நிகழ்ச்சிப் பொறுப்பாளரைப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். "அடுத்த புதன்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அந்தப் புதன்கிழமை டிசம்பர் 3. கோட்டாறு சவேரியார் பெருவிழா, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. டிவி ஆபீசுக்கு ஏது லீவு, அவரேதானே வரச் சொன்னார் என்று கிளம்பிப் போனேன். வாசலில் வாட்ச்மேன் மட்டும்தான். கேமராவும் ஆட்களும் மொத்தமாகக் கோட்டாற்றில் நேரலைக்குப் போய்விட்டார்கள். திருவிழாக் கூட்டத்தில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வீடு சேரும்போது இருட்டிவிட்டது. உள்ளூர் சேனலில் நாள் குறிக்கும்போது காலண்டரில் திருவிழாவைப் பாருங்கள். சுசீந்திரம் மார்கழித் திருவிழா, நாகராஜா கோவில் தைத் திருவிழா, மண்டைக்காடு மாசிக் கொடை என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். அந்த நாட்களில் உங்களை யாரும் கவனிக்க முடியாது.

நாலாவது நடையில் பொறுப்பாளர் கிடைத்தார். கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைப் பக்கத்துக்காரர். இந்த முறை மென்பொருள் என்ற சொல்லையே முதலில் எடுக்கவில்லை. "சார், உங்க எடிட்டிங் ரூம்ல வந்த வீடியோவை எதுல போட்டுப் பாக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"விஎல்சி."

அதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்றேன். சிரித்தார். பாரிஸில் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலை அது, 2001-இல் ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், அதனால்தான் உங்கள் ரூம் வரைக்கும் வந்தது என்று சொன்னேன். அவர் கையில் இருந்த ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும், பல செட்டாப் பாக்ஸ்களுக்குள் ஓடுவதும் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் கருதான் (கெர்னல்) என்றேன். அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம் பேச்சு போனது. கேரளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல வருடமாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். அதே பள்ளிக் கணினித் திட்டத்தின் விக்டர்ஸ் கல்விச் சேனலை 2005-இல் அப்துல் கலாம் தொடங்கிவைத்தார்.

"விக்டர்ஸா? எங்க அக்கா பிள்ளைய பாறசாலைல படிக்குது. கொரோனா நேரத்துல அதுலயாக்கும் கிளாஸ்" என்று அவரே தொடர்ந்தார். அப்போதே வேலை முடிந்த மாதிரிதான். முதல் கால் மணி நேரம் நான் பதிவு செய்து கொடுக்கும் செய்முறை, மீதி நேரம் நேரலையில் போன் கேள்வி. பணம் ஒன்றும் கேட்கவில்லை.

சீல் விஷயத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவைத்ததும் அவர்தான். வெள்ளைத் தாளில் ஒரு உறுதிமொழி: காட்டப்போகும் மென்பொருள்களின் பெயர், ஒவ்வொன்றின் உரிமம், வீடியோ என் சொந்தத் தயாரிப்பு, சினிமாப் பாட்டு எதுவும் சேர்க்கவில்லை, கீழே என் கையெழுத்து. இந்த ஒரு தாளை முதல் நாளே கையில் கொண்டு போங்கள். அவர்களுக்கு வேண்டிய கையெழுத்து நம்முடையதாக இருந்தால் போதும்.

வீட்டில் ஓபிஎஸ் என்கிற மென்பொருளில் பதிவு, கேடென்லைவ் மென்பொருளில் எடிட்டிங், மூன்று ராத்திரியில் முடிந்தது.

ஐந்தாவது நடையில் பென் டிரைவைக் கொடுத்தேன். அவர்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் சொருகியதும் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டது. என் பென் டிரைவ் எக்ஸ்ட்4 என்கிற லினக்ஸ் ஃபார்மட்டில் இருந்தது. விண்டோஸ் அதைத் தானாகப் படிக்காது. எடிட்டர் தம்பி 'சரி' பட்டனை அழுத்தப் போனார், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். வேறு பிரதி கொண்டு போகவில்லை, அப்படியே திரும்பினேன். வீட்டில் ஃபேட்32 ஆக்கிப் பார்த்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள கோப்பை அது ஏற்காது, என்னுடையது அதைவிடப் பெரிது. எக்ஸ்ஃபேட் என்று வைத்தால் இரண்டு பக்கமும் படிக்கும். இரண்டு பென் டிரைவில் கொண்டு போங்கள்.

ஆறாவது நடையில் கோப்பு திறந்தது. ஆனால் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. கடையில் பெரிய மானிட்டரில் பளிச்சென்று தெரிந்த மெனு எல்லாம், 720-க்கு 576 அளவுள்ள அவர்களின் ஒளிபரப்புப் படத்தில் எறும்பு வரிசை மாதிரி இருந்தது. கீழே சேனலின் ஓடும் எழுத்து வேறு வந்து டாஸ்க்பாரை முழுக்க மறைத்துவிட்டது. நான் நொடிக்கு 30 பிரேமில் எடுத்திருந்தேன், இங்கே டிவிக்கு 25. அதனால் மவுஸ் அம்பு விட்டு விட்டு நகர்ந்தது. திரும்ப எடுத்தேன். திரைத் தெளிவை 1280-க்கு 720 ஆக்கி, எழுத்தை இரண்டு மடங்காக்கி, டாஸ்க்பாரை மேலே தூக்கி வைத்து, 25 பிரேமில். கோப்பைச் சேனல் கொடுத்த இணைப்பில் ஏற்றிவிட்டதால் இதற்காக இன்னொரு நடை போக வேண்டியிருக்கவில்லை.

தலைப்புதான் எனக்குப் பெரிய வேதனை. அவர்களின் தலைப்பு போடும் பழைய மென்பொருளுக்கு யூனிகோடு சரியாக வராது. 'மென்பொருள்' என்று ஒட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. தமிழுக்காகவும் பேசப்போகிற நிகழ்ச்சியில் தமிழே உடைந்து கிடந்தால் எப்படி? படம் வரைகிற இன்க்ஸ்கேப் மென்பொருளில் மீரா இனிமை எழுத்துருவில் தலைப்பை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக மாற்றிக் கொடுத்தேன். படம் எந்த மென்பொருளிலும் உடையாது. எடிட்டர் தம்பி எழுத்துருவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். தயங்காமல் கொடுத்தேன், அதற்கும் கட்டு கிடையாது.

ஏழாவது நடை நேரலை. செய்முறை நன்றாகவே ஓடியது. பழைய லேப்டாப்பில் பென் டிரைவைச் சொருகி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே மின்ட்டை ஓடவிட்டு, அதில் மனு ஒன்றைத் தட்டச்சு செய்து காட்டியிருந்தேன். 2 ஜிபி ராம் இருந்தால் ஓடும், 4 இருந்தால் நல்லது என்றும் சொன்னேன்.

போன் பகுதி தொடங்கியதும் எதிரே இருந்த மானிட்டரைப் பார்த்தேன். ஓடும் எழுத்தில் 'கட்டண மென்பொருள் பற்றிய நேரலை' என்று போய்க்கொண்டிருந்தது. 'கட்டற்ற' என்ற சொல் டைப் செய்தவருக்குப் பழக்கமில்லை, எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறார். நெஞ்சு அடைத்துவிட்டது. விளம்பர இடைவேளையில் ஓடிப்போய்ச் சொன்னேன். அவசரத்தில் அவர் 'இலவச' என்று மாற்றிவிட்டார். அடுத்த அழைப்பு குலசேகரத்திலிருந்து ஒரு பாட்டி.

"லேப்டாப்பு எங்க வந்து வாங்கணும் மக்களே? ரேஷன் கார்டு கொண்டு வரணுமா?"

எடுத்த ஒன்பது அழைப்பில் நாலு இப்படித்தான். அந்தப் பாட்டியிடம் இல்லை என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கியது எனக்குத் தாங்கவில்லை. ஒரு சொல்லைச் சரியாகக் கொண்டுசேர்க்காததால் ஒரு வயதானவர் ஏமாந்தார்.

மீதி அழைப்புகள் நல்ல கேள்விகள். திருவட்டாறில் தையல் கடை வைத்திருக்கும் பெண், எக்ஸெலில் இருக்கிற பழைய கணக்கு திறக்குமா என்றார். திறக்கும், மேக்ரோ எழுதியிருந்தால் மட்டும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள் என்றேன். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்து வேலை செய்கிற ஒருவரிடம், உங்கள் டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள், அதுவரை விண்டோஸை எடுக்க வேண்டாம் என்றேன். டிவியில் வந்துவிட்டோம் என்று எல்லாம் ஓடும் என்று சொல்லிவிடக் கூடாது. அடுத்த நாள் கடைக்கு வந்து நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

என் சொந்த செல் நம்பரைத் திரையில் போட்டதும் தப்பு. மறு ஒளிபரப்பு முடிந்தும் ராத்திரி பதினொன்றுக்குக்கூட அடித்தது. கடை நம்பரையும் நேரத்தையும் போட்டிருக்க வேண்டும்.

அந்த வாரம் ஆறு பேர் கடைக்கு மெஷினோடு வந்தார்கள். ஐந்து மெஷினில் மின்ட் ஏற்றிக் கொடுத்தேன். ஆறாவதில் ஹார்ட் டிஸ்கே போய்விட்டிருந்தது. மின்ட் ஏற்றிய ஐந்தில் ஒரு லேப்டாப் அரசு கொடுத்தது. பத்து வருடமாக அலமாரியில் இருந்ததாம். விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் முதலிலிருந்தே அதில் இருந்திருக்கிறது, அந்த வீட்டில் ஒருவரும் திறந்து பார்த்ததில்லை.

பொறுப்பாளர் இரண்டாம் பகுதிக்கு நாள் கொடுத்திருக்கிறார். தமிழ்99 விசைப்பலகை பற்றி. ஓடும் எழுத்தை இந்த முறை நானே படமாகச் செய்து, நேற்றே அனுப்பிவிட்டேன். கிடைத்தது, கொம்பெல்லாம் சரியாக இருக்கிறது என்று எடிட்டர் தம்பி பதில் போட்டிருக்கிறார்.