கருவாட்டுக் கொட்டகையும் சுண்டெலி நெடியும்

ஏப்ரல் 17
தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை எங்கள் மண்டபம் ஊரில் விசைப்படகெல்லாம் கரையில்தான். கொட்டகையில் மிச்சம் இருக்கும் நெத்திலியும் திருக்கையும் சாக்கில் கிடக்கின்றன. சாக்கோரம் சுண்டெலிப் புழுக்கை. இத்தனை கவுச்சிக்கு நடுவிலும் எலி மூத்திர நெடி தனியாக மூக்கில் ஏறுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 20
அண்ணன் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். விலங்கியல் படிக்கிறாள். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா லைட்டை எடுத்துக்கொண்டு, "அத்தை, பல்பை அணைங்க" என்றாள். சுவரடியில் அடித்தால், வெளிறிய நீலத்தில் பொட்டுப் பொட்டாக மினுங்குகிறது. சாக்கு அடுக்கைச் சுற்றி, கதவு நிலை வரைக்கும் பொட்டு. வடக்கு மூலையில் மட்டும் ஒரே திட்டு. எல்லாம் காய்ந்த மூத்திரம். (சோப்புத்தூள் போட்டுத் துவைத்த என் துண்டும் மினுங்கியது, அது வேறு.)

ஊரெல்லாம் தெளித்து வைப்பது அந்த இடத்தை ஆளும் ஆணாம். தோற்ற ஆண் மூலையில் ஒதுங்கி ஒரே இடத்தில் போகுமாம். டெஜார்டின்ஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் 1973இலேயே இதே ஊதா வெளிச்சத்தில் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 21
ராத்திரியெல்லாம் இதே பேச்சு. ஆணின் மூத்திரத்தில் டார்சின் என்று ஒரு புரதம். இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஜேன் ஹர்ஸ்ட் குழு 2010இல் வெளியிட்டது. ஆங்கில நாவல் ஒன்றின் நாயகன் டார்சி பெயரை வைத்தார்களாம்! பெண் எலி அந்தப் பொட்டை ஒரு தடவை மூக்கால் தொட்டால் போதும். அந்த ஆணுக்கே உரிய வாசனை மனதில் பதிந்துவிடும். தொட்ட இடத்தையும் இரண்டு வாரம் போல மறக்காது, அங்கேயே திரும்பி வரும்.

ஆனால் ஒரு தடவை தெளித்துவிட்டு ஆண் சும்மா இருக்க முடியாது. இன்னொருவன் மேலே தெளித்தால் இவன் மறுபடி வந்து தெளிக்க வேண்டும். யாருடையது புதுசோ அவனுக்குத்தான் மதிப்பு. உடம்பில் தெம்பு இல்லாதவனால் இந்தப் போட்டியில் நிற்க முடியாது. பெண்ணும் அதைத்தான் மோந்து பார்க்கிறாள் என்று எனக்குப் படுகிறது.

ஏப்ரல் 23
தரையைத் தேய்த்துக் கழுவினேன். இடுப்பு வலி.

ஏப்ரல் 26
நம் பக்கம் முறைமாப்பிள்ளைக்குத்தான் முதல் உரிமை. சுண்டெலியிடம் அந்தப் பேச்சு எடுபடாது. நோயை எதிர்க்கும் மரபணுக்கள் தன்னுடையதிலிருந்து வேறாக இருக்கும் துணையை எலிகள் நாடுவதை யமசாகி குழு 1976இல் காட்டியது. எல்லாச் சோதனையிலும் அது ஒரே மாதிரி வரவில்லை என்றும் சொன்னாள். எனக்குப் பிடித்தது இதுதான்: குட்டியிலேயே வேறு கூட்டில் விட்டு வளர்த்தால், பெரிதானதும் வளர்த்த வீட்டு வாடையைத்தான் ஒதுக்குமாம்.

ஏப்ரல் 29
இன்று சொன்னது கொஞ்சம் திக்கென்றது. ஹில்டா புரூஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1959இல் எழுதியது. சேர்ந்து சில நாளே ஆன பெண்ணுக்குப் புது ஆணின் வாடை பட்டால், தரித்த கரு நிற்காமல் போய்விடும். "ஆண் பக்கத்தில்கூட வர வேண்டாம் அத்தை, வாடை போதும்."

"அப்போ எலி குறையுமே?" என்றேன். சிரித்தாள். கலைந்தால் சில நாளில் மறுபடி சேரும். மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும். சரி, படகு இறங்கும் வரைக்கும் காத்திருந்தால் கொட்டகை அவர்களுடையதாகிவிடும். சாக்கைப் பலகை மேல் ஏற்றியாயிற்று. கதவடியில் தகரம் அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்; கூலி முந்நூறு கேட்கிறார், இருநூற்றைம்பதுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்.