மரம் ஏறத் தெரிந்திருந்தது, கயிற்றுக்கு எண் இல்லை

இங்கிலாந்தில் கயிறு கட்டி மரம் ஏறும் தொழிலுக்கான சான்றிதழை, பலர் இன்னும் அதன் பழைய குறியீடான சிஎஸ்38 என்ற பெயரிலேயே அழைப்பதை, சென்ற மாதம் இரண்டாம் முறை முயன்று பெற்றேன். முதல் முறை நான் மரத்தின் அருகேகூடச் செல்லவில்லை. அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து, இரண்டு ரயில் மாறி, முப்பது கிலோ மூட்டையைத் தோளில் சுமந்து தேர்வுத் திடலை அடைந்த என்னை, தேர்வாளர் பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பினார். காரணம் ஒரே ஒரு காகிதம்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான்கு நாள், நல்ல ஆசிரியர், மழை இல்லை. வனப்பணிக்கான கூடுதல் பாடத்துடன் கூடிய முதலுதவிச் சான்றிதழையும் முன்பே பெற்றிருந்தேன். என் தாத்தா திருச்செந்தூர்ப் பக்கம் காலில் தளைநார் மாட்டிப் பனை ஏறியவர் என்பதால், உயரம் எனக்குப் பெரிதாகத் தெரியாது என்ற அகந்தையும் கொஞ்சம் இருந்தது. அவருடைய நாரைச் சோதித்துக் கையெழுத்திட ஒருவரும் வந்ததில்லை. இங்கே, 1998ஆம் ஆண்டின் தூக்கு கருவிகளுக்கான விதிமுறைகளின்படி, மனிதரைத் தாங்கும் கயிறு, இடுப்புக் கச்சை, காராபினர் என்னும் உலோகக் கொக்கி முதலியவை அனைத்தையும் தகுதி வாய்ந்த ஒருவர் ஆறு மாதத்திற்கு ஒரு முறை முழுமையாகச் சோதித்து அறிக்கை தர வேண்டும். லோலர் என்று சுருக்கமாகச் சொல்லும் அந்த அறிக்கை என் கையில் இருந்தது. ஆனால் அதன் காலம் ஒன்பது நாளுக்கு முன்பே முடிந்திருந்தது. அதைவிட மோசமான செய்தி, அதில் குறிக்கப்பட்ட கயிறும் நான் கொண்டுபோன கயிறும் ஒன்றுதான் என்பதை நிறுவ என்னிடம் எந்த வழியும் இருக்கவில்லை.

தவறு என்னுடையது. தொழிலை விட்டுப்போன ஒருவரிடமிருந்து முழுத் தொகுப்பையும் பாதி விலைக்கு வாங்கியிருந்தேன். கயிறு பார்ப்பதற்குப் புதிது போலவே இருந்தது. கையில் உருட்டிப் பார்த்தபோது உள்ளே மெலிந்த இடமோ கெட்டியான இடமோ தட்டுப்படவில்லை. ஆனால் நுனியில் இருந்த அடையாளச் சீட்டை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அறிக்கையில் தொடர் எண் இருந்தது, கயிற்றில் இல்லை. கச்சையின் சீட்டிலோ எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன. அதைத் தெளிவாக்குவதாக எண்ணி, நானே மார்க்கர் பேனாவால் மேலெழுதித் தொலைத்திருந்தேன். மார்க்கர் மையில் உள்ள கரைப்பான் செயற்கை இழைக்குக் கேடு விளைவிக்கலாம் என்பது பயிற்சியிலேயே சொல்லப்பட்ட விஷயம். அது என் காதில் விழுந்திருந்தது, கையில்தான் நிற்கவில்லை.

தேர்வாளர் கடுமையானவர் அல்லர். ஆனால் அவர் சொன்ன ஒன்று இன்றும் உறுத்துகிறது: கயிறு நல்லதா கெட்டதா என்பது அவருடைய கேள்வியே இல்லையாம், அது எந்தக் கயிறு என்பதுதான் கேள்வியாம். ஒரு கயிறு எத்தனை ஆண்டு வெயிலில் கிடந்தது, பேட்டரி அமிலம் சிந்திய வண்டியின் பின்புறத்தில் பயணம் செய்ததா, செயின்சாவின் பல் ஒரு முறை உரசியதா என்பதையெல்லாம் கண்ணால் பார்த்து முழுமையாகச் சொல்லிவிட முடியாது. எனவே, வரலாறு தெரியாத கயிற்றைச் சோதிப்பவர்கள் ஒதுக்கவே செய்வார்கள். பழைய பொருள் வாங்கியே தீர வேண்டும் என்றால் தலைக்கவசம் வைக்கும் பையையும் கயிற்றுப் பையையும் வாங்குங்கள். உயிரைத் தாங்கும் எதையும் வாங்காதீர்கள்.

ஊர் திரும்பியதும் எஞ்சிய பொருள்களை ஒரு சோதனையாளரிடம் கொண்டுபோனேன். கயிற்றையும் கச்சையையும் அவர் ஒரு நிமிடத்தில் தள்ளிவைத்தார். காராபினர்களில் ஒன்றின் வளைவில், கயிறு ஓடி ஓடி நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது, அதுவும் போயிற்று. இன்னொன்றின் திறப்புக் கதவு தானாக மூடிப் பூட்டிக்கொள்ளவில்லை. மூன்று தனித்தனி அசைவுகளில் திறந்து, விட்டவுடன் தானே பூட்டிக்கொள்ளும் வகைதான் இந்த வேலைக்கு ஏற்றது என்பதால், அதையும் இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். பைன் மரப் பிசின் உள்ளே ஒட்டியிருந்ததுதான் காரணம். வெந்நீரில் ஊறவைத்து, பல்துலக்கியால் தேய்த்து, காய்ந்த பின் உலர் மசகு ஒரு துளி விட்டதும் சடக்கென்று மூடியது. அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

புதிதாக வாங்கும்போது இன்னொரு பள்ளம் காத்திருந்தது. பொருள் தரத்துக்கு ஏற்ப இருக்கிறது என்று உற்பத்தியாளர் தரும் இணக்கச் சான்று கையில் இருந்து, அதன் தேதிக்குப் பன்னிரண்டு மாதத்திற்குள் ஒரு புதுப் பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தால், அதற்குத் தொடக்கச் சோதனை தேவையில்லை. ஆறு மாதக் கணக்கு அதன் பிறகுதான் தொடங்கும். எனக்கு வந்த கயிறோ பெரிய உருளையிலிருந்து நாற்பத்தைந்து மீட்டர் அளந்து வெட்டப்பட்டது. பெட்டிக்குள் விலைச்சீட்டு மட்டும் இருந்தது. மூன்று மின்னஞ்சல்களுக்குப் பின், அந்த உருளையின் தொகுதி எண்ணோடு சான்று வந்து சேர்ந்தது. ஒரு முனையில் கண்ணி தைத்த கயிற்றை வாங்கியிருந்தால், எண்ணுள்ள சீட்டு தையலிலேயே வந்திருக்கும். சில பவுண்டு மிச்சம் பிடிக்கப் போய் பதினோரு நாளை இழந்தேன்.

இந்த வேலைக்கான கயிறு, ஈஎன் 1891 என்ற ஐரோப்பியத் தரத்தின் ஏ வகை: உள்ளே கரு, வெளியே நெய்த உறை, குறைவாகவே நீளும் தன்மை. முடிச்சில்லாத நிலையில் குறைந்தது 22 கிலோநியூட்டன் (சுமார் இரண்டேகால் டன் எடைக்குச் சமமான) விசையைத் தாங்க வேண்டும் என்பது அந்தத் தரம். இந்த எண்ணைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது. அதிகம் நீளாத கயிறு விழுகையின் அதிர்ச்சியை அதிகம் உறிஞ்சவும் செய்யாது. அந்த அதிர்ச்சி உங்கள் இடுப்புக்கும் மேலே உள்ள கிளைக்கும் நேராகப் போகும். நங்கூரப் புள்ளிக்கு, அதாவது கயிறு மரத்தில் பிடித்திருக்கும் இடத்துக்கு, மேலே ஏறாதே, தொய்வை அரை மீட்டருக்கு மேல் விடாதே என்று ஆசிரியர் நாள் முழுவதும் கத்தியது இதற்காகத்தான்.

புதுக் கயிறு வந்த பின் முடிச்சு என்னைக் கைவிட்டது. பயிற்சியில் நான் பயன்படுத்தியது வால்டோட்டேன் வகைப் பிடிமுடிச்சு: இரு முனையிலும் கண்ணியுள்ள சிறு கயிற்றைப் பிரதானக் கயிற்றில் சில சுற்றுகள் சுற்றி, கீழே பின்னலாகப் பின்னி இரு கண்ணிகளையும் காராபினரில் மாட்டுவது. கையால் தள்ளினால் ஏறும், எடை விழுந்தால் இறுகும். என் தோட்டத்து மேப்பிள் மரத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, அது இறுகவே இல்லை. ஒரு சாண் வழுக்கி, நின்று, மறுபடி வழுக்கியது. பிரதானக் கயிறு 11.7 மில்லிமீட்டர், முடிச்சுக் கயிறு 10 மில்லிமீட்டர். இரண்டும் புதிது, இரண்டும் வழவழப்பு. முடிச்சுக் கயிற்றின் நீளமோ தொண்ணூறு சென்டிமீட்டர். பயிற்சி நிலையத்தில் பழகியதைவிட ஒரு கை அளவு கூடுதல். முடிச்சுக் கயிற்றின் இரு கால்களும் நீண்டதால் முடிச்சு தொங்கி, எடையை உடனே கவ்வவில்லை. மேலே ஒரு சுற்றும் கீழே ஒரு பின்னலும் கூட்டிய பிறகு பிடித்தது. முடிச்சுக்கு அடியில் சிறு கப்பி ஒன்றை வைத்ததும் ஒற்றைக் கையால் தொய்வை இழுக்கவும் முடிந்தது. கயிறோ முடிச்சுக் கயிறோ எது மாறினாலும் சரி, மண்ணை விட்டு ஓரடி மேலே முழு எடையையும் போட்டு உட்கார்ந்து பார்க்காமல் ஏறவே கூடாது.

இரட்டைக் கயிறு இன்னொரு தொல்லை. 2005ஆம் ஆண்டின் உயரப்பணி விதிமுறைகள், தனித்தனி நங்கூரத்தில் கட்டிய இரண்டு கயிறுகளை முன்பே கேட்டன. இரண்டாவது கயிறு ஆபத்தை அதிகரிக்கும் என்று காட்ட முடிந்தால் மட்டுமே விலக்கு உண்டு. மரத்தொழிலில் அந்த விலக்கையே வழக்கமாக வைத்திருந்தார்கள். 2019இல் அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு அதை ஏற்காமல் போன பிறகுதான் இரண்டு கயிறு நடைமுறையாயிற்று. பழைய ஆட்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது, ஏனென்றால் ஒரு கிளையைச் சுற்றி வந்தால் இரண்டும் சடை போலப் பின்னிக்கொள்ளும். ஆரஞ்சு ஒன்று, நீலம் ஒன்று என்று நிறம் பிரித்து, ஆரஞ்சு எப்போதும் இடப்பக்கம் என்று வைத்துக்கொண்ட பிறகே சிக்கல் குறைந்தது.

இரண்டாம் தேர்வு நாளில் காகிதங்கள் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. மரம் ஒரு முதிர்ந்த ஓக். அடியில் காளான் இல்லை, பட்டையில் வெடிப்பில்லை, நங்கூரத்துக்குத் தேர்ந்த கவட்டை நடுத்தண்டை ஒட்டிய உயிருள்ள மரம். ஏறும் கயிற்றை மேலே கொண்டுபோக முதலில் வீசும் மெல்லிய எறிகயிறுதான் கழுத்தை அறுத்தது. அதன் நுனியில் கட்டிய முந்நூற்றைம்பது கிராம் எடைப்பை நான்காம் எறிதலில் சரியான கவட்டையைத் தாண்டியது. திரும்ப இழுக்கும்போது இரண்டு சுள்ளிகளுக்கிடையில் சிக்கிக்கொண்டது. ஆத்திரத்தில் வெடுக்கென்று இழுத்தேன், அது இன்னும் இறுகியது. இருபது நிமிடம் போயிற்று. கடைசியில் கயிற்றைத் தளர்த்தி அலை அலையாக உதறியபோது தானாக விடுபட்டு விழுந்தது. பை தரைக்கு வந்தவுடன் அதை அவிழ்த்துவிட்டு, வெறுங்கயிற்றை மெதுவாக இழுத்து இடம் மாற்ற வேண்டும் என்பதை இனி எந்த அவசரத்திலும் மறக்கமாட்டேன்.

மீட்புப் பகுதியை நினைத்துத்தான் நான் இரவெல்லாம் தூங்காமல் இருந்தேன், ஆனால் அது நன்றாகவே போயிற்று. மேலே அசைவற்றுத் தொங்குபவராக நடித்தவரை, என் தனிக் கயிறுகளில் ஏறி அடைந்து, பேசிப் பார்த்து, அவர் கச்சையைச் சிறு பட்டையால் என் கச்சையோடு இணைத்து, அவருடைய முடிச்சையும் என்னுடையதையும் சேர்த்துக் கட்டுப்படுத்தி இறக்கினேன். வேகமாக இறங்கினால் உராய்வுச் சூட்டில் முடிச்சுக் கயிறு பளபளத்துக் கெட்டியாகிவிடும் என்பதால், பாதியில் இரு முறை நின்றேன். அவசரப்படாததை தேர்வாளர் குறித்துக்கொண்டார் என்று பின்னர் தெரிந்தது.

இப்போது கயிறுகளின் அடையாளச் சீட்டுகள் மேல் ஒளிபுகும் சுருங்குகுழாய் மாட்டியிருக்கிறேன், எண்களைப் படம் எடுத்து இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன். அடுத்த சோதனைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது; கைப்பேசி நாட்காட்டியில் அதற்கு மூன்று வாரம் முன்னதாகவே ஒரு மணி வைத்துவிட்டேன். எண்ணில்லாத பழைய கயிற்றை இரண்டடித் துண்டுகளாக வெட்டி, ஒன்றை மட்டும் முடிச்சுப் பழக வைத்துக்கொண்டேன்.