32 ஜி.பி.க்குள் ஐந்து கணினிகள்

தம்பியின் கடைக்கணக்கு டேலியில் இருக்கிறது. அதற்கு விண்டோஸ் வேண்டும். குடும்பப் புகைப்படங்களைக் காக்க ஒரு லினக்ஸ், வீடு முழுவதற்கும் விளம்பரங்களைத் தடுக்க பை-ஹோல், நான் எதையாவது கலைத்துப் போட்டுக் கற்றுக்கொள்ள இரண்டு லினக்ஸ். கையில் இருப்பதோ ஒரே பெட்டி: ஆறு கோர் ஐ5-8500, 32 ஜி.பி. ரேம், 1 டி.பி. எஸ்.எஸ்.டி. இரண்டு. ஐந்தையும் மெய்நிகர் கணினிகளாக, அதாவது மென்பொருளாலேயே உருவாகும் கணினிகளாக, அதற்குள் குடிவைக்க முடிவு செய்தேன்.

முதல் வாரம் எதையும் நிறுவவில்லை. நோட்டில் கணக்குதான் போட்டேன். சி.பி.யு. பற்றிக் கவலை இல்லை. ஐந்தும் ஒரே நேரத்தில் உழைக்கப் போவதில்லை. ஆறு கோரைப் பன்னிரண்டாகவே பங்கிடலாம். ரேமில் அந்தத் தாராளம் செல்லாது. விண்டோஸுக்கு 8, புகைப்படங்களுக்கு 6, பை-ஹோலுக்கு அரை, சோதனைக்கு நான்கு நான்காக 8. ஆக 22.5. மீதி 9.5 ஜி.பி.யில், இவை எல்லாவற்றையும் தாங்கி ஓட்டும் அடித்தள மென்பொருள் இயங்க வேண்டும். மென்பொருள் தேடும்போது இந்த ஒன்பதரைதான் என் அளவுகோல்.

அப்படிப்பட்ட அடித்தள மென்பொருள்களில், ஹைப்பர்-வி சர்வரின் தனி இலவசப் பதிப்பு 2019உடன் நின்றுவிட்டது. வி.எம்.வேரின் இலவச இ.எஸ்.எக்ஸ்.ஐ 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது. பதினான்கு மாதங்களில் போய் வருகிற ஒன்றை நம்பி வீட்டுக் கணக்கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. தவிர, என் போர்டில் இருக்கும் ரியல்டெக் நெட்வொர்க் சிப்புக்கு அதன் நிறுவல் கோப்பில் டிரைவர் கிடையாது. எக்ஸ்.சி.பி-என்.ஜி உண்மையாகவே ஈர்த்தது. ஆனால் அதை முழுமையாக நிர்வகிக்க சென் ஆர்க்கெஸ்ட்ரா என்ற நிர்வாக மென்பொருளை இன்னொரு மெய்நிகர் கணினியில் ஓட்ட வேண்டும்; ஒன்பதரையில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் அப்படியே பொருந்தியது. டெபியன் லினக்ஸ் மேல் நிற்கிறது, கே.வி.எம். மெய்நிகர் கணினிகளையும் எல்.எக்ஸ்.சி. கண்டெய்னர்களையும் (அடித்தளத்தின் லினக்ஸ் கருவையே பகிர்ந்துகொள்ளும் இலேசான பெட்டிகள்) ஒரே வலைப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். பை-ஹோலைக் கண்டெய்னராக்கினேன். அதற்கு ஒதுக்கிய 512 எம்.பி. உச்சவரம்பு மட்டுமே, உண்மையில் தின்பது அதைவிடக் குறைவு.

இரண்டு எஸ்.எஸ்.டி.யையும் இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையில் மிரராக, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி, இணைத்தேன். இசட்.எஃப்.எஸ். தன் கேஷுக்காக (அடிக்கடி படிக்கும் தரவின் தற்காலிகச் சேமிப்பு) ரேமை விழுங்கும் என்ற பயம் இருந்தது. முன்பு பாதி ரேம் வரை எடுத்துக்கொள்ளும், ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவும்போது பத்தில் ஒரு பங்கு, அதிகபட்சம் 16 ஜி.பி. என்று வரம்பு வைத்துவிடுகிறார்கள். எனக்கு ஏறக்குறைய 3 ஜி.பி. கணக்கு தப்பவில்லை.

விண்டோஸில்தான் ஒரு மாலை முழுக்கப் போனது. நிறுவும்போது வட்டே தெரியவில்லை. மெய்நிகர் கணினிக்குத் தரப்படும் விர்ட்ஐஓ வகை வட்டுக்கான டிரைவர் விண்டோஸில் இல்லை என்பது புரியவே நேரமாயிற்று. டிரைவர் உள்ள ஐ.எஸ்.ஓ. கோப்பை (சி.டி.யின் நகல்) இரண்டாவது சி.டி. டிரைவாகச் சேர்த்து, நிறுவல் திரையிலேயே ஏற்றியதும் வட்டு வந்து நின்றது.

மூன்றாம் வாரம் ஒரு எஸ்.எஸ்.டி.யின் கேபிளை உருவிப் பார்த்தேன். ஐந்தும் ஓடிக்கொண்டே இருந்தன. அன்று இரவு தூக்கம் வரவில்லை: காப்புப் பிரதிகளையும் அதே மிரரில்தான் வைத்திருந்தேன்! வட்டு ஒன்று செத்தால் மிரர் காக்கும். தம்பி ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் இரண்டு வட்டிலும் சேர்ந்தே அழியும். பெட்டியே போனால் எல்லாம் போகும். மறுநாளே யு.எஸ்.பி. வட்டுக்கு மாற்றினேன்.

நேற்று டேலி கணினியை அந்த வட்டிலிருந்து வேறு அடையாள எண்ணில், தனி நகலாக, மீட்டெடுத்தேன். அசலும் நகலும் ஒரே ஐ.பி.யில் மோதாதிருக்க, நகலின் நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டுத்தான் இயக்கினேன். பதினான்கு நிமிடங்கள். தம்பியை அழைத்து உட்கார வைத்தேன். முந்தைய நாளின் கடைசி ரசீதைத் தேடித் திறந்தான், இருந்தது. அடுத்த வாரம் யு.பி.எஸ். வாங்க வேண்டும்.