இரவு ட்யூட்டியும் ஜெர்மனும்

3 ஜூன் 2024, திங்கள்

காலை எட்டேகாலுக்கு ஹேண்டோவர், அதாவது அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் நோயாளிகளின் விவரம் சொல்லி ஒப்படைப்பது, முடிந்தது. மின்சார ரயில் பிடித்து குரோம்பேட்டை வந்து சேர ஒன்பதரை. பத்தரைக்கு ஆன்லைன் வகுப்பு. நடுவில் ஒரு குளியல், இரண்டு இட்லி. இரவு முழுக்க ஐசியூவில் நின்ற கால் கட்டிலைத்தான் தேடுகிறது. ஆனாலும் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன்.

ஜெர்மனியில் நர்ஸாகப் பதிவு பெற ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்ச்சி வேண்டும். தொடக்க நிலையான ஏ1-இல் தொடங்கி எட்டு மாதத்தில் பி2 முடித்துவிடலாம் என்று சொல்லித்தான் எங்களை அங்கே அனுப்பும் நிறுவனத்தில் சேர்த்தார்கள். இது ஏழாவது மாதம்.

இன்று ஆசிரியை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியும். நாக்கு நுனியில் நிற்கிறது. ஆனால் மைக்கை ஆன் செய்யக் கை போகவில்லை. "நெட் பிரச்சினை மேம்" என்று சாட்டில் போட்டேன். அது பொய். ஒன்பது வருடமாக டாக்டர்களிடமும் நோயாளியின் வீட்டாரிடமும் ஒரு நாள்கூட இப்படிப் பொய் சொல்லித் தப்பித்தவள் இல்லை நான். எனக்கு என்ன ஆகிறது என்று எனக்கே தெரிய வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

7 ஜூன், வெள்ளி

ஐசியூவில் 'அலாரம் ஃபட்டீக்' என்று ஒன்று உண்டு. மானிட்டர், வென்டிலேட்டர், இன்ஃப்யூஷன் பம்ப் எல்லாம் மாறி மாறிக் கத்தும். பாதிக்கு மேல் அவசரமில்லாத சத்தம். நாள் போகப் போகக் காது தானாகவே மூடிக்கொள்ளும். அப்புறம் நிஜமான அலாரம் அடிக்கும்போதும் கை மெதுவாகத்தான் எழும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

இன்று வீட்டில் 'ஹோரன்', அதாவது கேட்டல் பயிற்சி செய்தேன். பி2 தேர்வில் சில பகுதிகளை ஒரே ஒரு தடவைதான் போடுவார்கள். ஹெட்ஃபோனில் ஒரு பெண் ஏதோ வானொலிப் பேட்டி கொடுக்கிறாள். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறது, ஆனால் உள்ளே போகவில்லை. போன மாதம் இதே வேகத்தில் பேசியதை முக்கால்வாசி பிடித்தவள் நான். மொழி எனக்குக் குறைந்துபோகவில்லை. காது மூடிக்கொண்டுவிட்டது. காலையில் செயலியின் நினைவூட்டல், மதியம் வகுப்புக் குழுவில் வீட்டுப்பாடம், சாயங்காலம் மாதிரித் தேர்வு மதிப்பெண். இவ்வளவு அலாரம் அடித்தால் எந்தக் காதும் மூடத்தான் செய்யும்.

12 ஜூன், புதன்

டெர், டீ, டாஸ். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து அதன் பாலைக் காட்டும் மூன்று சொற்கள். ஜெர்மனில் மேசை ஆண், விளக்கு பெண், புத்தகம் இரண்டுமில்லை. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷன்' கூட இரண்டுமில்லாத பாலில்தான் வருகிறது. அஃறிணை, உயர்திணை என்று அறிவை வைத்துப் பிரித்துப் பழகிய நமக்கு இது முதலில் திக்கென்றுதான் இருக்கும். 'ஷன்' என்று முடியும் செல்லப்பெயர்ச் சொல் எல்லாம் அந்தப் பாலில்தான் வரும் என்று விதி தெரிந்ததும் கொஞ்சம் சமாதானம்.

இன்னொரு பக்கம், நமக்கென்றே வைத்த மாதிரி சில இடங்களும் உண்டு. 'வைல்' என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். 'வைல் இஷ் ம்யூட பின்': ஏனென்றால், நான், களைப்பாக, இருக்கிறேன். அப்படியே தமிழ் வரிசை. ஆங்கில வரிசையிலேயே யோசிப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள் என்று ஆசிரியை சொன்னார். வகுப்பில் நாங்கள் யாரும் விழவில்லை.

ஆக, ஜெர்மன் கஷ்டம், அதனால்தான் பாதியில் விடுகிறார்கள் என்று சொல்வதை நான் நம்பவில்லை. கஷ்டமான பாடத்தில் யாரும் அழவில்லை. 22 பேராகத் தொடங்கி இப்போது ஒன்பது பேர் இருக்கிறோம். போன 13 பேரில் மூன்று பேர் என்னைவிட நன்றாகப் பேசியவர்கள்.

24 ஜூன், திங்கள்

பன்னிரண்டு நாளாகப் புத்தகத்தைத் தொடவில்லை. அலமாரியில் அதன் முதுகைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. அம்மா மேலே துணியை மடித்து வைத்துவிட்டார். வேண்டுமென்றே வைத்தாரா தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

நர்சிங் கல்லூரியில் 'பர்ன் அவுட்' பாடம் இருந்தது. அந்தச் சொல்லை 1974-இல் மருத்துவ ஊழியர்களின் சோர்வுக்குப் பயன்படுத்தி எழுதியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். பிராங்க்ஃபுர்ட்டில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே நாஜிக்களிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர். தாய்மொழி ஜெர்மனாக இருந்தவர் இந்தச் சோர்வைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார் என்பது இப்போது மனதில் வேறு மாதிரி படுகிறது.

அப்புறம் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர். 1981-இல் சூசன் ஜாக்சனோடு சேர்ந்து இதை அளக்க ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். மூன்று அடையாளம்: உள்ளே ஒன்றும் மிச்சமில்லாத களைப்பு, செய்யும் வேலையிலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் மனம் விலகிப்போவது, நம்மால் எதுவும் ஆகவில்லை என்ற நினைப்பு. மூன்றும் எனக்கு இருக்கிறது. ஆனால் வார்டில் இல்லை. வார்டில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஜெர்மனில் மட்டும்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை வேலை சார்ந்த நிலை என்றுதான் வரையறுத்தது, நோய் என்று அல்ல. மொழிப் படிப்புக்குப் பொருந்தாதே என்று யாராவது சொல்லலாம். எங்களுக்கு இது படிப்பு இல்லை. சம்பளமும் லீவும் இல்லாத இரண்டாவது வேலை. அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு ஜெர்மன் கற்பிக்கச் சுமார் 36 வாரம் ஒதுக்குகிறது. அந்த 36 வாரமும் அவர்களுக்கு அதுதான் வேலை. பகல் முழுக்க வகுப்பு, மாதம் பிறந்தால் சம்பளம். எங்கள் எட்டு மாதமும் கிட்டத்தட்ட அதே 35 வாரம்தான் வருகிறது. இரவு ட்யூட்டிக்கும் சமையலுக்கும் நடுவில்.

25 ஜூன், செவ்வாய்

கடன் தவணை கட்டும் நாள். மனம் சரியில்லை. எழுதவில்லை.

3 ஜூலை, புதன்

நேற்று இரவு நடந்ததை முழுதாக எழுதி வைக்க வேண்டும்.

திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயி ஒருவர். எழுபது வயது இருக்கும். சர்க்கரைப் புண்ணுக்காகக் காலில் அறுவை சிகிச்சை நடந்து இரண்டாம் நாள். நடுஇரவு ஒன்றரைக்கு முனகினார். வழக்கம்போல், "வலி பத்துக்கு எவ்வளவு இருக்கு தாத்தா?" என்று கேட்டேன்.

"பத்துக்கு எவ்ளோன்னு எனக்கு எப்படித் தெரியும் சிஸ்டர்? விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

அந்த ஒரு சொல்லில் எனக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. சுருக்கென்று குத்துவது வேறு, எரிவது வேறு, கடுப்பது வேறு. இது நாடியோடு சேர்ந்து துடிக்கிற வலி. காலைத் தொங்கப்போட்டிருந்தார். தலையணை வைத்து உயர்த்தினேன், கட்டு இறுக்கமா என்று பார்த்தேன், விரல் நுனியை அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்த்தேன், டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு மருந்து கேட்டு வாங்கிப் போட்டேன். இரண்டரைக்குத் தூங்கிவிட்டார்.

அப்புறம் நர்ஸிங் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது: ஜெர்மனியில் ஒரு தாத்தா இதை எப்படிச் சொல்வார்? அன்றைக்கு நான் பக்கத்தில் நிற்பேன். அவர் சொல்வது எனக்குப் புரிய வேண்டுமே. பழைய படிவம் ஒன்றின் பின்பக்கம் எழுதத் தொடங்கினேன். விண்ணென்று தெறிப்பது 'போஹன்ட்'. குத்துவது 'ஷ்டெஷன்ட்'. எரிவது 'ப்ரெனன்ட்'. இழுத்துப் பிடிப்பது 'ட்ஸீயன்ட்'. இடம் சொல்லத் தெரியாமல் மந்தமாகக் கனப்பது 'டும்ப்ஃப்'. அந்தக் கடைசிச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் வலியே அப்படித்தான் கேட்கிறது.

ஐந்தே சொல். காலையில் ரயிலில் நின்றுகொண்டே சொல்லிப் பார்த்தேன். ஐந்தும் வந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஜெர்மன் என் வயிற்றைப் பிசையவில்லை.

5 ஜூலை, வெள்ளி

ஐந்தும் இன்னும் இருக்கின்றன. ஏன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மறதியை முதலில் அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், ஒரு ஜெர்மானியர். 1885-இல் வந்தது அவர் புத்தகம். சுமார் 2300 பொருளில்லாத அசைகளைத் தானே உருவாக்கி, தன்னையே சோதித்துக்கொண்டார். எத்தனை சீக்கிரம் மறக்கிறோம் என்ற அந்தப் பகுதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சொல் அட்டைச் செயலிகளின் அடிப்படையும் அதுதான். ஆனால் அவர் இன்னொன்றும் பார்த்தார். ஓர் ஆங்கிலக் கவிதையின் பத்திகளை மனப்பாடம் செய்தபோது, அதே அளவு பொருளில்லாத அசைகளுக்குச் செலவான உழைப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தேவைப்பட்டதாம்.

என் செயலியில் 1900 அட்டைகள் கிடக்கின்றன. 'குப்பை அகற்றல்', 'வாடகை ஒப்பந்தம்', 'பொழுதுபோக்குச் சலுகை'. ஜெர்மானியருக்கு அவை வாழ்க்கை. எனக்கு இன்றைய தேதியில் அவை பொருளில்லாத அசைகள்தான். ஒன்பது மடங்கு கூடுதலாக உழைத்துவிட்டு, மூளை மட்டம் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாங்கள் களைத்துப்போவது இதனால்தான் என்று இப்போது உறுதியாகத் தோன்றுகிறது. வகுப்புக்குள் நுழையும்போது எங்கள் ஒன்பது வருடத்தை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள். உள்ளே வருவது ஒன்றும் தெரியாத ஒருத்தி. அவளுக்கு மேசைக்குப் பால் தெரியாது, பால்காரரிடம் பேசத் தெரியாது. முப்பத்தொரு வயதில் தினமும் இரண்டு மணி நேரம் அப்படி இருப்பது, பாடத்தைவிடப் பெரிய பாரம்.

10 ஜூலை, புதன்

வகுப்புக்குப் போனேன். தொடங்குமுன் ஆசிரியையிடம் கேட்டுவிட்டேன்: "மேம், பத்து நிமிஷம் கொடுங்க. நான் ஒரு ஹேண்டோவர் சொல்றேன்." ஒரு நொடி யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஜெர்மனில் அதற்கு 'ஊபர்காப' என்று பெயர். கேமராவைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு வார்டில் நிற்பதாக நினைத்துச் சொன்னேன். ஆண், எழுபது, அறுவைக்குப் பின் இரண்டாம் நாள், இரத்த அழுத்தம் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, வலி போஹன்ட், காலை உயர்த்தி வைத்திருக்கிறோம், விரல்கள் இளஞ்சூடாக இருக்கின்றன, ஆறு மணிக்கு மறுபடி பார்க்க வேண்டும். டெர், டீ, டாஸ் நாலு இடத்தில் தவறியது எனக்கே தெரிந்தது. ஆசிரியை குறுக்கிடவில்லை. முடித்ததும் ஓர் அமைதி. பிறகு, "நீங்க இவ்வளவு வேகமா பேசி நான் கேட்டதே இல்லையே" என்றார்.

மற்ற எட்டுப் பேரும் மைக்கை ஆன் செய்துவிட்டார்கள். மதுரையிலிருந்து ஒருவர் டயாலிசிஸ் நோயாளியைப் பற்றிச் சொன்னார். நாகர்கோவிலிலிருந்து ஒருவர் பிரசவ வார்டு. பத்து நிமிடம் நாற்பது நிமிடமானது. ஜெர்மனியிலும் நோயாளிகள் நர்ஸை 'ஷ்வெஸ்டர்' என்று, அதாவது சிஸ்டர் என்றுதான் வெகுகாலமாகக் கூப்பிடுகிறார்களாம். 2020-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்குப் பிறகு பதவிப் பெயர் மாறிவிட்டது, ஆனாலும் பழைய சொல் வாயிலிருந்து போகவில்லை என்றார் ஆசிரியை. கேட்டதும் அந்த ஊர் கொஞ்சம் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது.

கடைசியில் ஆசிரியை நேர்மையாக ஒன்று சொன்னார். தேர்வில் இது வராது. எழுத்துத் தாளில் பொது விவகாரம் ஒன்றைப் பற்றி 150 வார்த்தை எழுத வேண்டும். அதையும் படிக்கத்தான் வேண்டும். சரி, படிப்போம்.

20 ஜூலை, சனி

எங்களோடு படித்த மார்த்தாண்டத்துத் தங்கச்சி போன் செய்தாள். மே மாதமே வகுப்பை விட்டவள். எங்கள் எல்லோரையும்விட உச்சரிப்பு நன்றாக இருந்தவள்.

"அக்கா, புத்தகத்தப் பாத்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது. எங்க வீட்ல நான் சோம்பேறின்னு சொல்றாங்க."

சோம்பேறி பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து வினைச்சொல் எழுதமாட்டாள் என்று அவளுக்குச் சொன்னேன். சொல்லும்போது என் குரலும் உடைந்தது.

நாங்கள் எழுதும் கோத்தே நிறுவனத்தின் பி2 தேர்வில் நான்கு பகுதிகளையும் தனித்தனியாக எழுதலாம், ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுத்தால் போதும் என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. எங்களை அனுப்பும் நிறுவனத்தில் எல்லோரையும் ஒரே நாளில் எல்லாவற்றையும் எழுதத்தான் சொல்கிறார்கள், அவர்களுடைய கணக்குக்காக. ஒன்றில் போனாலும் தோற்றவள் என்ற பெயர். ஆகஸ்டில் பேச்சும் கேட்டலும் மட்டும் எழுதுகிறேன், மற்ற இரண்டும் அக்டோபரில் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முகம் சுளித்தார்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் திருப்பி வாங்கவில்லை.

4 ஆகஸ்ட், ஞாயிறு

இரவு ட்யூட்டி முடிந்த காலையில் வகுப்பு கிடையாது என்று முடிவு. பதிவை மாலையில் பார்த்துக்கொள்கிறேன். படித்தது நினைவில் படியத் தூக்கம் வேண்டும் என்று நோயாளிகளின் வீட்டாருக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்லிக்கொள்ள எட்டு மாதம் ஆகியிருக்கிறது. செயலியின் நினைவூட்டலை அணைத்துவிட்டேன். அட்டைகளில் 1200-ஐ நீக்கினேன். நீக்கும்போது கை நடுங்கியது, அவ்வளவு நாள் சேர்த்தவை.

14 ஆகஸ்ட், புதன்

ராத்திரி ட்யூட்டி இல்லை. மார்த்தாண்டத்துத் தங்கச்சிக்கு ஒன்பது மணிக்குப் போன். இப்போது நாங்கள் இருவரும் வாரத்துக்கு மூன்று நாள் ஆளுக்கு ஒரு நோயாளியைப் பற்றி ஊபர்காப சொல்கிறோம். அவள் வகுப்பில் சேரவில்லை, சேரச் சொல்லி நானும் கேட்கவில்லை. இன்று அவள் முறை. இடுப்பெலும்பு முறிந்த பாட்டி ஒருவர். நன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள்.

"அக்கா, அந்த விண்விண்ணுக்கு என்ன சொல்லுவீங்க?"

"போஹன்ட்."

"ஆ, போஹன்ட்." இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "ஆனா அக்கா, இந்தப் பாட்டிக்கு விண்விண் இல்ல. அசைச்சா மட்டும் சுருக்குன்னு குத்துதுன்னுதான் சொன்னாங்க."

அப்போ ஷ்டெஷன்ட் என்றேன். அவள் பாட்டியின் வலியை மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.