நீலம், பச்சை, சிவப்பு: டிக் ஜான்சன் ரேசிங் அணியின் கார்களைச் சிறு உருவில் செய்த அனுபவம்

சாலையில் ஓடும் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டும் ஆஸ்திரேலிய டூரிங் கார் பந்தயங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அணிகளில் மிகப் பழையது டிக் ஜான்சன் ரேசிங். 1980-இல் குயின்ஸ்லாந்தில் பிறந்த அணி. அதன் கார்களை 24-இல் ஒரு பங்கு அளவில் செய்துவருகிறேன். நீல ஃபோர்டு ஃபால்கனும் பச்சை ஃபால்கனும் முடிந்து கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டன. சிவப்பு சியரா கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. மூன்றின் கதவிலும் ஒரே எண்: 17. இதுவரை செய்த வேலையையும், அதற்காகத் தேடிப் படித்தபோது என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கதையையும் எழுதிவைக்கிறேன்.

எந்த ஆண்டின் நீலக் கார்?

கத்தியை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியிருந்தது இது. நீல நிற 'ட்ரூ-ப்ளூ' ஃபால்கன், அதாவது ஃபால்கனின் எக்ஸ்டி மாடல் என்றால் இரண்டு கார்கள் உண்டு. 1980-இல் நொறுங்கியது ஒன்று. 1981-இல் வென்றது இன்னொன்று.

டிக் ஜான்சன் பிரிஸ்பேன் பக்கம் ஒரு சர்வீஸ் ஸ்டேஷன் நடத்திவந்தவர். கையிலிருந்ததையெல்லாம் போட்டு ஒரு காரைத் தயார் செய்து 1980 அக்டோபரில் பாதர்ஸ்ட் 1000 பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். நியூ சவுத் வேல்ஸின் பாதர்ஸ்ட் ஊரை ஒட்டிய மவுண்ட் பனோரமா மலையில், மற்ற நாட்களில் பொதுமக்கள் வண்டி ஓட்டும் சாலையில்தான் அந்தப் பந்தயம் நடக்கிறது. ஒரு சுற்று 6 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அப்போது 163 சுற்றுகள். பீட்டர் ப்ராக் போன்ற பெரும் பெயர்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஜான்சன் முதலில் போய்க்கொண்டிருந்தார். இருபது சுற்றுகூட ஆகவில்லை. 'கட்டிங்' என்று அழைக்கப்படும் செங்குத்தான வளைவில், கால்பந்து அளவுள்ள ஒரு பாறை சாலையில் கிடந்தது. ஒதுங்கிப் போகலாம் என்றால் மறுபக்கத்தில், பழுதாகி நின்ற காரை இழுத்துப்போக வந்த வண்டி. பாறை மீது ஏறிய கார் சுவரில் மோதிச் சிதைந்தது. அவருக்குப் பந்தயம் அங்கேயே முடிந்தது.

அதன் பிறகு நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தொலைக்காட்சி நேரலையில் ஜான்சன் பேசினார். பேச முடியாமல் தொண்டை கம்மியது. எல்லாம் போய்விட்டது என்பது பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. தொலைக்காட்சி நிலையத்துக்கு அழைப்புகள் குவிந்தன. முன்பின் தெரியாத மனிதர்கள் பணம் தருவதாகச் சொன்னார்கள். சேர்ந்த தொகை ஏறத்தாழ 72,000 டாலர். ஃபோர்டு ஆஸ்திரேலியா நிறுவனம் மக்கள் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் தன் பங்காக ஒரு டாலர் போட்டது. ஆக 1,44,000 டாலர் ஆயிற்று. அந்தப் பணத்தில் எழுந்தது 1981-இன் கார். அதே ஆண்டில் ஜான்சன் ஆஸ்திரேலிய டூரிங் கார் சாம்பியன் பட்டத்தை வென்றார். அந்தப் பட்டத்துக்கான தொடரின் கடைசிப் போட்டி குயின்ஸ்லாந்தின் லேக்சைடு தடத்தில் நடந்தது. சொந்த மண்ணில், ப்ராக்கை நேருக்கு நேர் எதிர்கொண்டு வென்றார். பிறகு ஜான் ஃபிரெஞ்சுடன் ஒரே காரை மாறி மாறி ஓட்டி பாதர்ஸ்ட் 1000-ஐயும் கைப்பற்றினார். மெக்ஃபிலமி பார்க் வளைவில் பல கார்கள் மோதிச் சாலை அடைபட்டதால் பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டு, 120 சுற்றுகளின் கணக்கில் முடிவு அறிவிக்கப்பட்டது. முழுத் தூரமும் ஓடாத வெற்றி என்று அதைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. நிறுத்தப்பட்டபோது யார் முன்னால் இருந்தாரோ அவர்தான் வென்றவர். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ஆகவே நான் செய்தது 1981-இன் கார். பாறை மோதிய காரைச் செய்தால் பார்ப்பவர்களுக்குக் கதை உடனே நினைவுக்கு வரும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. ஊரே கூடிக் கட்டிய கார் இருக்க, உடைந்ததை ஏன் செய்ய வேண்டும்?

ஒரு அச்சு, இரண்டு கார்கள்

எக்ஸ்டி மாடலும் அடுத்து வந்த எக்ஸ்இ மாடலும் உடற்கூட்டில் நெருங்கிய உறவு. கதவு, கூரை, பக்கவாட்டுக் கோடுகள் எல்லாம் ஒன்றுதான். முன்பக்க கிரில்லும் பின்விளக்குகளும் மாறுகின்றன. எனவே ஒரே மூல உருவைச் செதுக்கி, அச்சு எடுத்து, இரண்டு வார்ப்புகள் வார்த்துக்கொண்டேன்.

மூல உருவுக்குப் பால்சா மரம். பக்கவாட்டு வரைபடத்தைத் தேவையான அளவுக்குச் சுருக்கி அச்சிட்டு, மரத்தில் ஒட்டி, கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுத்தேன். உண்மையான கார் பேருருவம். சிறு உருவிலேயே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம் வருகிறது. இந்த ஃபால்கனில் வளைவுகளைவிடத் தட்டையான பரப்புகள்தான் சோதனை. பானட் பார்வைக்குப் பலகை மாதிரி தெரியும். உண்மையில் நடுவில் மிக லேசான மேடு இருக்கிறது. அதை விட்டுவிட்டால் பெயின்ட் அடித்த பிறகு குழி விழுந்ததுபோல் தோன்றும். உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்க்காமல், கண்ணாடித் துண்டில் ஒட்டித் தேய்த்தால்தான் அந்த மேடு சீராக வருகிறது. சக்கர வளைவுகளின் புடைப்பை ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் தனியாக வெட்டி ஒட்டிப் புட்டியால் இணைத்தேன்.

மரத்தின் நுண்துளைகளை அடைக்க வார்னிஷ் பூசித் தேய்ப்பதைப் பலமுறை செய்தபிறகு, சிலிக்கோன் ரப்பரில் அச்சு. அதற்குள், ஊற்றியபின் இறுகிக் கெட்டியாகும் ரெசின். ஊற்றும்போது மெல்லிய நூலாக ஒரு மூலையில் இறக்க வேண்டும். அவசரப்பட்டால் காற்றுக் குமிழ்கள் ஜன்னல் தூண்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊற்றுவதற்கு முன் அச்சின் உட்புறம் குழந்தைகளுக்கான டால்கம் பவுடரைத் தூவித் தட்டிவிட்டால் குமிழ் பெருமளவு குறைகிறது. ரெசினைத் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது இன்னும் நல்லது.

எக்ஸ்இ காரில் பின்பக்க சஸ்பென்ஷன் மாறிவிட்டது. எக்ஸ்டியில் பட்டை வில் அடுக்குகள். எக்ஸ்இயில் சுருள் வில்லும், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் வாட்ஸ் இணைப்பும். கவிழ்த்துப் பார்ப்பவர் யாரும் இல்லை என்றாலும் அடிப்பக்கத்தை இரண்டுக்கும் வேறு வேறாகச் செய்தேன். ஓட்டுபவரின் கைக்கு வேறுபாடு தெரிந்த இடம் அதுதான்.

நிறம் எங்கிருந்து வந்தது

நீலக் காரின் ட்ரூ-ப்ளூ, பச்சைக் காரின் க்ரீன்ஸ்-டஃப் என்ற இரண்டு பெயர்களும் பாமர் டியூப் மில்ஸ் என்ற எஃகுக் குழாய் நிறுவனத்தின் சரக்குப் பெயர்கள். அதன் உரிமையாளர் ராஸ் பாமர்தான் ஜான்சனின் ஆரம்பகாலத் துணை. கார் நீலமானதும் பச்சையானதும் அதனால்தான்.

நீலத்தைப் பிடிக்க மிகவும் சிரமப்பட்டேன். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் ஒரே கார் ஒரு படத்தில் கடல் நீலம், மறு படத்தில் ஊதா கலந்த நீலம். படத்திலிருந்து நிறத்தை எடுப்பதைக் கைவிட்டு, ஒரே படத்தில் காரின் வெள்ளை எழுத்து எவ்வளவு வெள்ளையாக விழுந்திருக்கிறது என்று பார்த்தேன். வெள்ளை மஞ்சள் தட்டியிருந்தால் நீலமும் அந்த அளவுக்குத் தப்பு. அப்படிக் கழித்துக் கழித்து ஒரு கலவைக்கு வந்து சேர்ந்தேன். சிறு உருவுக்கு அசல் நிறத்தைவிட ஒரு துளி வெள்ளை கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மேசையில் வைத்துப் பார்க்கும்போது கறுத்துத் தெரியும்.

பச்சைக் காரில் நான் எடுத்துக்கொண்டது 1984-இல் ஜான்சனுக்கு மூன்றாவது பட்டத்தைத் தந்த எக்ஸ்இ. அதற்கு முந்தைய ஆண்டின் கதையையும் சொல்லாமல் நகர முடியாது. 1983 பாதர்ஸ்டில், தொடக்க இடத்துக்கான சனிக்கிழமை ஓட்டத்தில், ஃபாரஸ்ட்ஸ் எல்போ வளைவில் கார் தடுப்பில் உரசி, ஸ்டியரிங் போய், மரங்களுக்குள் பாய்ந்தது. ஜான்சன் உயிர் தப்பினார், கார் தப்பவில்லை. இன்னொரு அணியிடமிருந்து ஒரு ஃபால்கனை வாங்கி, உடைந்த காரில் உருப்படியானதைக் கழற்றி அதில் பூட்டி, பச்சை அடித்து, எழுத்தும் எழுதி, மறுநாள் காலையில் பந்தயத்தில் நிறுத்தினார்கள். அது பந்தயத்தின் பாதியைக்கூட எட்டவில்லை. ஆனால் ஒரு பட்டறை ஒரே இரவில் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று எனக்குத் தெரியாது. என் பச்சைக் காரின் பெயின்ட் காய வாரக்கணக்கில் காத்திருந்தபோது அந்த இரவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சியரா

1985-இல் ஆஸ்திரேலியா குரூப் ஏ என்ற சர்வதேச விதிக்கு மாறியது. ஃபால்கனுக்கு இடமில்லாமல் போனது. ஜெர்மனியின் ஜாக்ஸ்பீட் பந்தய அணி கட்டிய மஸ்டாங் கார்களை ஜான்சன் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஓட்டினார். 1985-இல் பி.எம்.டபிள்யூ ஓட்டிய ஜிம் ரிச்சர்ட்ஸுக்கு அடுத்த இடம் கிடைத்தது. 1987-இல் ஷெல் நிறுவனத்தின் ஆதரவும் ஃபோர்டு சியராவும் சேர்ந்து வந்தன. பெரிய வி8 இன்ஜின்களோடு வளர்ந்த பட்டறை, 2 லிட்டர் டர்போ இன்ஜினை மடியில் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கற்றது. 1988-இலும் 1989-இலும் ஜான்சன் சாம்பியன். இரண்டு முறையும் இரண்டாமிடத்தில் அதே அணியின் ஜான் போவ். 1989 பாதர்ஸ்டையும் இருவரும் சேர்ந்து வென்றார்கள். 1988-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனுக்கு ஒரு காரைக் கொண்டுபோய், ஐரோப்பியர்களின் சொந்தத் தடத்தில் முதல் தொடக்க இடத்தைப் பிடித்தார் ஜான்சன். இந்த அணி உச்சத்தில் இருந்த காலம் அதுதான் என்பது என் கருத்து. பின்னால் வந்த பட்டங்களுக்குப் பெரும் பணம் இருந்தது. இதற்கு இருந்தது கைவேலை.

சியராவுக்குச் சந்தையில் பிளாஸ்டிக் கிட் கிடைக்கிறது. ஆனால் அது சியராவின் வேக ரகமான சாதாரண ஆர்எஸ் காஸ்வொர்த். அதைப் பந்தயத்துக்கான ஆர்எஸ்500 ஆக மாற்ற வேண்டும். 500 கார்கள் மட்டுமே கட்டப்பட்ட ரகம் அது. முன் பம்பரில் பனிவிளக்குகள் இருந்த இடத்தில் காற்றுத் துளைகள். பின்னால் பெரிய இறக்கைக்குக் கீழே, பூட் மூடியின் விளிம்பில் இன்னொரு சிறிய இறக்கை. பெரிய இறக்கையின் மேல் விளிம்பில் ஒரு நிமிர்ந்த உதடு. சிறிய இறக்கையை அரை மில்லிமீட்டர் ஸ்டைரீனில் வெட்டி, வெந்நீரில் காட்டி வளைத்தேன். விளிம்பைக் கத்தி முனைபோல் தேய்த்தால்தான் அளவு பொருந்தித் தெரிகிறது.

சிவப்பு, மஞ்சள், வெள்ளை மூன்றையும் அடிக்கும் வரிசை முக்கியம். சாம்பல் பிரைமர் மீது சிவப்பு அடித்தால் செங்கல் நிறமாகச் செத்துப்போகும். எனவே முழு உடலுக்கும் வெள்ளை. வெள்ளை தேவைப்படும் இடத்தை டேப்பால் மூடி மஞ்சள். பிறகு அதையும் மூடிக் கடைசியில் சிவப்பு. டேப் ஒட்டிய விளிம்பில் முதலில் நிறமற்ற கிளியரை மெல்லிசாக ஊதிவிட வேண்டும். கசிவதானால் அந்தக் கிளியர்தான் கசியும். சிவப்பு உள்ளே போகாது. ஷெல்லின் சிப்பி முத்திரையை ஒட்டுப்படத் தாளில் அச்சிட்டேன். அந்தத் தாளில் வெள்ளை மை கிடையாது என்பதால் சிப்பியின் அடியில் வெள்ளையை விட்டுவைத்தது நல்லதாகப் போயிற்று.

அணியின் சியராவுக்குக் கடைசி பாதர்ஸ்ட் 1992-இல். கொட்டும் மழையில் பந்தயம் நிறுத்தப்பட, ஒரு சுற்றுப் பின்னோக்கிக் கணக்கிட்டு, மோதிக் கிடந்த நிஸான் காருக்கு வெற்றி போனது. ஓடிக்கொண்டிருந்த ஜான்சன்-போவ் சியரா இரண்டாமிடம். விதி அப்படித்தான் சொல்கிறது.

அடுத்து

1995-இல் போவுக்குப் பட்டம். 2004-இல் ஷெல் விலகியது. அதன் பிறகு பணமுடை. 2010-இல் ஜேம்ஸ் கோர்ட்னி பட்டம் வென்று அடுத்த ஆண்டே வேறு அணிக்குப் போனார். 2015 முதல் அமெரிக்கப் பந்தய அணி உரிமையாளர் ரோஜர் பென்ஸ்கே கூட்டாளி. ஸ்காட் மெக்லாலின் 2018, 2019, 2020 என்று மூன்று பட்டங்கள். 2019 பாதர்ஸ்டில் மெக்லாலின்-பிரெமா ஜோடி வென்றபோது, எல்லோரையும் மெதுவாக வரவைக்கும் பாதுகாப்புக் கார் ஓடிய நேரத்தில் அணியின் மற்றொரு காரை வேண்டுமென்றே மெதுவாகப் போகச் சொன்னதற்காக 2,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இந்த அணியை நேசிப்பவனாக இதை எழுத எனக்குக் கசக்கிறது. எழுதாமல் விட்டால் வரலாறு ஆகாது. 2021 முதல் பென்ஸ்கே இல்லை. பழைய பெயர் திரும்பியிருக்கிறது.

2019-இன் மஸ்டாங்கைத்தான் நான்காவதாகச் செய்யத் திட்டம் போட்டிருந்தேன். மாற்றிவிட்டேன். முதலில் 1994-இன் ஃபால்கன் ஈபி. அந்த ஆண்டு பாதர்ஸ்டின் கடைசிக் கட்டத்தில், எதிரணியின் 20 வயது ஓட்டுநர் கிரெய்க் லவுண்ட்ஸ் கிரிஃபின்ஸ் வளைவின் வெளிப்பக்கமாகப் போவை முந்த, போவ் விரட்டிப் பிடித்து இடத்தைத் திரும்பப் பெற்றார். ஜான்சனுக்கு மூன்றாவது பாதர்ஸ்ட் வெற்றி. ஈபி உருண்டு திரண்ட உடல். தட்டையான எக்ஸ்டிக்குச் செய்த தந்திரங்கள் ஒன்றும் அதற்கு உதவாது. பால்சாவுக்குப் பதிலாக அடர்த்தியான மாடலிங் பலகையில் செதுக்கலாம் என்று ஒரு சிறு துண்டு வாங்கி முன்பக்க மட்கார்டை மட்டும் வெட்டிப் பார்த்தேன். விளிம்பு பிசிறில்லாமல் நிற்கிறது. சியராவுக்குக் கிளியர் பூசி முடித்ததும் அதைத் தொடங்குகிறேன்.